தோல் போட்ட வால்வுப் பெட்டி

கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு வாசித்தால் கிட்டார் சத்தம் வரும். எங்கள் சர்ச் பாடகர் குழுத் தலைவர் அன்று சாயங்காலம் பிராக்டிஸில் எல்லார் முன்னாலும் அதை அமுக்கிக் காட்டினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது முறை அமுக்கும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றி வாராவாரம் கோயிலில் பாட்டு வாசிக்கிறவள்தான் நான், இருந்தும்.

"பாத்தீங்களா சிஸ்டர், எல்லாம் இதுலயே வந்துடுது," என்றார். "உங்க பொட்டி இனிமே தாங்காது. போன வாரம் ரெண்டாவது பாட்டுலயே நின்னுடுச்சு. ஓடற வரைக்கும் கும்முகும்முன்னு கத்துது, ஆம்பளைங்க குரலே கேக்கல. அறுப்பின் பண்டிகையிலிருந்து கீபோர்ட் மட்டும் போதும். நீங்க ஆல்ட்டோவுல நின்னு பாடுங்க."

ஆல்ட்டோ என்றால் பெண்களில் தாழ்ந்த குரலில் பாடுகிறவர்களின் வரிசை. என் குரல் எப்படி என்றால், வீட்டில் நான் பாட ஆரம்பித்ததும் என் கணவர் உள்ளேயிருந்து மிக்சியை நிறுத்தச் சொல்வார். எனக்குத் தெரிந்தது கிட்டார்தான். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த முதல் மாதம், தெருவில் ஒருவரையும் தெரியாத நாளில், இந்த ஊரில் எனக்கென்று கிடைத்த முதல் இடம் பீடத்துக்கு இடப்பக்கம் இருந்த ஒரு மர நாற்காலி. இருபத்திரண்டு வருடமாக ஞாயிறுதோறும் கிட்டாரோடு அதில் உட்கார்ந்திருக்கிறேன். அதை ஒரு பட்டனுக்கு விட்டுக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அவர் பெட்டி என்றது என் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயரை. என்னுடையதுகூட அல்ல, கோயிலுடையது. வேலூரில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. ட்ரான்சிஸ்டர் எல்லாம் பரவலாகாத காலத்தில் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயர். ட்ரங்குப் பெட்டி அளவு இருக்கும், ட்ரங்குப் பெட்டியைவிட கனம். உள்ளே கண்ணாடிக் குழாய்களாக ஆறு வால்வுகள், சூடேறியதும் உள்ளுக்குள் ஆரஞ்சாக மினுங்கும். கம்பியை லேசாகத் தொட்டால் அது லேசாகப் பேசும். ஓங்கித் தட்டினால் தொண்டை கரகரக்கக் கத்தும். பட்டனில் வருகிற கிட்டார் எப்படித் தட்டினாலும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும், கடை வாசலில் நிற்கிற பொம்மை மாதிரி.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், மூளை பின்னால் வரும்.

"ஆறு வாரம் குடுங்க சார்," என்றேன். "பண்டிகைக்கு முந்தின சனிக்கிழம பிராக்டிஸ்ல எல்லாப் பாட்டுக்கும் நிக்காம ஓடணும். ஒரு தடவ நின்னாலும் நானே போய் ஆல்ட்டோவுல நிக்கறேன்."

முப்பது பேர் கேட்டார்கள். இனி பின்வாங்க முடியாது.

நான் ஒன்றும் வாய்ச்சவடால் மட்டும் விடுகிறவள் இல்லை. ஷூ கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். தையல் மெஷின் மோட்டார், போர்டு எல்லாம் என் கை படாமல் ஓடாது. அதற்கு முன்னால் நாலு வருடம் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் எலக்ட்ரீஷியன். ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபயரை அதுவரை திறந்ததில்லை. அதனால் முதலில் சென்னையில் இந்த வேலை செய்கிறவர் ஒருவருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். போட்டோவைப் பார்த்தே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதாம்.

"உள்ள இருக்கறதெல்லாம் எடுத்துப் போட்டுட்டு புது போர்டு வெச்சுத் தர்றேன் மேடம். வெளிய பாக்க அப்டியே பழசு மாதிரி இருக்கும்."

வெளியே பழசு, உள்ளே கீபோர்ட். அதற்கு அவரிடம் ஏன் போக வேண்டும், எங்கள் தலைவரே செய்து தருவாரே. போனை வைத்துவிட்டு மீட்டரை எடுத்து ட்ரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளை அளந்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. அன்றைக்கு எனக்கு நாலு முழம் உயரம் கூடியது.

சாப்பாட்டு மேஜை ஆறு வாரத்துக்கு என் வசமானது. என் கணவர் வேலூரில் ஐசியூவில் நர்ஸ். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், கரண்ட் விதி ஒன்றையும் மீறக் கூடாது. இந்த மாதிரி ஆம்ப்ளிஃபயரில் நானூறு வோல்ட் ஓடும், அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். அதை வடிய விட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒரு கையில் ஏறுகிற கரண்ட் நெஞ்சைத் தாண்டி மறு கைக்குப் போகாது.

"நான் தெனமும் ஷாக் குடுத்துதான் ஆளுங்கள எழுப்பறேன்," என்றார். "வீட்டுலயும் அந்த வேல வெக்காத."

ஒரு கையைப் பாக்கெட்டில் விடு என்று இந்த விதியை எழுதியவன் நைட்டி போட்டதில்லை. பாக்கெட் இல்லாத உடுப்பில் கை தானாக வேலை நடக்கிற இடத்துக்குப் போய்விடும். அதனால் கம்பெனி நீலக் கோட்டை நைட்டி மேல் மாட்டிக்கொண்டு, இடது கையை அதன் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டுக் கேஸ் கொண்டுவந்தவர் வாசலிலேயே சிலிண்டரை வைத்துவிட்டுப் போனார்.

முதல் இரண்டு வாரம் ஜோராகப் போனது. வயதாகி உப்பியிருந்த கண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். தேனீக்கூடு மாதிரி இருந்த இரைச்சல் அடங்கியது. பழைய இரண்டு பின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு எர்த்தோடு மூன்று பின் வயர் போட்டேன். இத்தனை வருடமும் கிட்டாரைப் பிடித்தபடி மைக்கைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும், நான் அதைத் தூய ஆவியின் வேலை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். எர்த் இல்லாததன் வேலை அது. இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து தனியே எடுத்து மேஜையில் வைத்தபடி மூன்று மணி நேரம் வாசித்தேன். ஒரு முறைகூட நிற்கவில்லை.

மறுபடி பெட்டிக்குள் பூட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, மூன்றாம் வாரப் பிராக்டிஸுக்குக் கொண்டு போனேன். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

மூன்றாவது பாட்டில் சத்தம் மெலிந்தது. நாலாவது பாட்டின் முதல் வரியில் நின்றது. சூடான தோல் வாசனை லேசாக வந்தது. எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

தலைவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பீரோவைத் திறந்து ஒரு நீல ஃபைலை எடுத்து வந்து கொடுத்தார். ஆல்ட்டோ பாடங்களை எல்லாம் தன் கையாலேயே எழுதி, வரிசைப்படுத்தி, மேலே என் பெயரை ஒட்டி வைத்திருந்தார்.

"அவசரமில்ல சிஸ்டர். வீட்ல பொறுமையா பாருங்க," என்றார்.

அந்த அன்பு எனக்குச் சுரீரென்றது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரோ பை வைத்திருப்பதுபோல் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எது கிழிந்தாலும் தோல் போட்டுவிடுவோம். பைக் சீட், வேதாகம அட்டை, சோபா, டாக்டர் கிளினிக்கில் படுக்கிற மேஜை, எல்லாவற்றுக்கும் தோல்தான். நாலு வருடத்துக்கு முன்னால் இந்தப் பெட்டியின் முன்பக்கத்துத் துணியை எலி கடித்துவிட்டது. பின்பக்கத்து வலையும் பிய்ந்திருந்தது. நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். மேல்விஷாரத்துக்காரர், என் வயதுதான், கம்பெனியில் எல்லாருக்கும் அவர் பாய். தோலில் அவர் கை வைத்தால் குறை சொல்ல ஆள் பிறக்க வேண்டும். மிச்சத்தில் இருந்த நல்ல மாட்டுத் தோலாகப் பார்த்து, முன்னால், பின்னால், பக்கவாட்டில், ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டி, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். கோயிலில் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். நான் கல்யாண வீட்டுக்காரி மாதிரி பக்கத்தில் நின்றேன்.

பெட்டி கும்முகும்மு என்று கத்த ஆரம்பித்ததும், பாதியில் நிற்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். நாலு வருடமாக இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

சேர்த்துப் பார்க்க வைத்தது என் வாய்தான். அழுத நாளுக்கு இரண்டு நாள் கழித்து கம்பெனியில் ஒரு தையல் மெஷின் அடிக்கடி நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருந்த பெண், வெட்டிய தோல் துண்டுகளை மோட்டார் மேலேயே அடுக்கி வைத்திருந்தாள். காற்று போகிற ஓட்டை முழுக்க மூடியிருந்தது. நான் ஆரம்பித்தேன்.

"இன்னாமா இது? மோட்டாருக்கு மூச்சு வோணாமா? மேல தோலப் போட்டு மூடினா சூடு எங்க போவும்? எந்த முட்டாளாவது இப்டி..."

அதோடு என் வாய் நின்றுவிட்டது. லைன் முழுக்க என்னைப் பார்த்தது. அந்தப் பெண் பயந்துபோய், "எடுத்துடறேன் மேடம்," என்றாள். "நீ எடும்மா, நானும் எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு நேரே கட்டிங் செக்‌ஷனுக்கு நடந்தேன். அவளுக்கு நான் சொன்னது புரிந்திருக்காது.

"பாய், பாட்டுப் பொட்டிய நாம ரெண்டு பேரும் சேந்து சாவடிச்சுட்டோம்," என்றேன்.

"நானா? மேடம், அந்தத் தோலு ஃபர்ஸ்ட் குவாலிட்டி மால். ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

"அதான் பேஜாரே. கீறலும் இல்ல, ஓட்டையும் இல்ல."

மறுநாள் பின்பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். வால்வுகளுக்கு நேரே இருந்த இடத்தில் தோலை விரலால் மடக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. தோல் அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தது.

"அடுப்பு மேல வெச்ச மாதிரி இருக்குதே மேடம்," என்றார். "உள்ள இவ்ளோ சூடுன்னு நீங்க ஏன் சொல்லல?"

"எனக்கே தெரியாது பாய். நீங்க அழகா பண்ணீங்க, நான் அழகுல மயங்கிட்டேன்."

தன் வேலையில் குறை என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பிறகு பென்சிலை எடுத்தார்.

"காத்து போவணும், சத்தம் வரணும், எலி மட்டும் போவக்கூடாது. அவ்ளோதானே?"

ஷூவில் பொடிப்பொடியாக ஓட்டை போடுகிற மெஷின் அவர் செக்‌ஷனில் இருக்கிறது. மெல்லிய லைனிங் தோலை அதில் விட்டு, பின்பலகைக்குப் பெரிய ஓட்டைகளும் முன்பக்கத்துக்குச் சின்ன ஓட்டைகளுமாக அடித்தார். முன்பக்கம் நடுவில் மட்டும் அவர் இஷ்டத்துக்கு ஒன்று செய்தார். ஆண்கள் ஷூவின் மூக்கில் பூப்பூவாக ஓட்டை வருமே, அந்த டிசைனைப் பெரிதாக்கி அடித்துவிட்டார். பெட்டி இப்போது பிரம்மாண்டமான ஒரு ஷூ மாதிரி இருந்தது. "இப்போ ஓகேவா?" என்றார். பெட்டிக்குள் பூட்டி அதன் வழியாக முதல் கம்பியைத் தட்டியபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. நாலு வருடமாக போர்வைக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தவர் போர்வையை விலக்கிவிட்டுப் பேசியதுபோல் இருந்தது.

கூடவே இன்னொன்றையும் மாற்றினேன். கும்மென்ற சத்தம் பாதி தோலால் வந்தது என்றாலும் மீதி பெட்டியின் சுபாவம். டாக்டர் அதை வீட்டில் தனியாக வாசித்தவர். அவருக்கு அடித்தொண்டைச் சத்தம் பிடித்திருக்கிறது. இங்கே பெட்டிக்குப் பக்கத்தில் பத்து ஆண்கள் நின்று பாடுகிறார்கள். தலைவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. முதல் வால்வோடு இருந்த ஒரு கண்டென்சரைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றை வைத்தேன். அடிச்சத்தம் கம்மியானது. மிளகு அளவு சாமான்தான், சத்தமே வேறாகிவிட்டது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இப்போது நிற்கவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் ஓடியதும் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று பொரிந்தது. வால்வைக் கழற்றி மறுபடி செருகினால் சரியாகும், அடுத்த நாள் மறுபடி பொரியும். புது வால்வு வாங்கிப் போட்டேன், அதுவும் பொரிந்தது. பண்டிகைக்கு எட்டு நாள்தான் இருந்தது. நீல ஃபைலை முதல் முறையாகத் திறந்து ஆல்ட்டோ பாடத்தைப் பார்த்தேன். இரண்டு வரி முனகினேன். உள்ளேயிருந்து என் கணவர் எதுவும் சொல்லவில்லை. அவர் கிண்டல் செய்யாததே எனக்குக் கலக்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பிராக்டிஸுக்கு முன்னதாகவே கோயிலுக்குப் போனேன், சுவரில் இருந்த பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. பக்கத்து அறையில் கோயில் வேலை செய்கிற அம்மா உட்கார்ந்து, மறுநாள் திருவிருந்துக்கான வெள்ளிக் கிண்ணத்தைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் தேய்ப்பார், வாரம் தவறாமல் புலம்புவார். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

"போன சனிக்கிழமதான் பளபளன்னு தேச்சு வெச்சேன். பாரும்மா, மறுபடியும் கரி. நம்ம ஊரு காத்து அப்டி. வெள்ளின்னு ஒண்ணு வெக்க முடியல."

கிண்ணத்தின் மேல் இருந்த கறுப்பைப் பார்த்தேன். அதே கறுப்பை எனக்குத் தெரியும். தோல் ஷாப்பில் வேலை பார்த்தபோது தோலிலிருந்து முடி எடுக்கப் போடுகிற சல்பைடின் ஆவி எல்லாப் பேனலுக்குள்ளும் புகுந்துவிடும். மோட்டார் ஓடாது, திறந்தால் உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள முனைகள் எல்லாம் இப்படித்தான் கறுத்திருக்கும். தேய்த்துவிட்டால் ஓடும். நாலு வருடம் அதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. கோயிலுக்குப் பின்னால் பாலாற்றுப் பக்கம் முழுக்க தோல் ஷாப்தான்.

வால்வு அல்ல. வால்வு உட்காருகிற சாக்கெட். கழற்றிச் செருகும்போதெல்லாம் கறுப்பு கொஞ்சம் உரசிப் போய் சரியாகியிருக்கிறது, நான்தான் வால்வையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நீங்க நல்லா இருக்கணும்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கை முழுக்கப் பல்பொடி.

ஆறு சாக்கெட்டிலும் ஒவ்வொரு துளையாக, தையல் மெஷினுக்குள் பஞ்சு எடுக்கிற மெல்லிய பிரஷ்ஷை கிளீனரில் நனைத்து விட்டுச் சுத்தம் செய்தேன். தளர்ந்திருந்த பிடிகளைத் தையல் ஊசியால் நெம்பி இறுக்கினேன். பிரஷ் மை தொட்ட மாதிரி கறுப்பாக வந்தது. பிறகு பெட்டியைப் பூட்டி, நாலு நாள் தொடர்ந்து தினமும் மூன்று மணி நேரம் ஓட விட்டேன். பொரியவில்லை. சென்னைக்காரருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று கை அரித்தது. அடக்கிக்கொள்ளவில்லை, செய்தேன். "சந்தோஷம் மேடம்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. பெட்டியை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். தரை ஒரு பக்கம் பள்ளம், பெட்டி ஆடியது. கையில் இருந்த நீல ஃபைலை அடியில் செருகினேன், ஆட்டம் நின்றது. ஒன்பது பாட்டு. இரண்டு மணி நேரம். ஒன்பதாவது பாட்டின் கடைசி ஸ்வரம் முடிந்து, என் கம்பியின் சத்தம் கூரை வரைக்கும் போய் மெதுவாக அடங்கியது. தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆம்பளைங்க குரல் கேக்குது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இல்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் அபூர்வமாக நடப்பது.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காயும் கரும்பும் நெல்லுமாகக் குவிந்திருந்தன. காணிக்கை ஏலத்துக்கு யாரோ கட்டிப் போட்ட சேவல் ஜெபத்தின் நடுவே இரண்டு முறை கூவியது. பாய் குடும்பத்தோடு வந்து வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார், தன் ஷூ டிசைன் எப்படி இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்க்க. முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். தலைவர் கீபோர்டில் உட்கார்ந்திருந்தார். தாளம் போடும் பட்டனுக்குப் போன அவர் விரல் பாதியில் நின்றது. அந்தப் பட்டனை விட்டுவிட்டு, இடது கையை உயர்த்தி, விரித்த விரல்களை என் பக்கம் திருப்பினார். முன்னிசை என்னுடையது என்பதற்கு இருபத்திரண்டு வருடமாக அவர் காட்டுகிற சைகை அது. நான் கம்பியை ஓங்கித் தட்டினேன். சேவல் வாயை மூடியது.

அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பாய் தன் மனைவியிடம் பெட்டியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது பாட்டும் வாசித்தேன், ஏலத்தின்போது கேட்காமலே இரண்டு பாட்டு அதிகமாக வாசித்தேன்.

எல்லாம் முடிந்து ஆட்கள் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு தலைவர் பீரோ சாவியோடு வந்தார்.

"அந்த ஆல்ட்டோ ஃபைல் எங்க சிஸ்டர்? பீரோவுல வெச்சுடறேன்."

நான் காலால் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பெட்டிக்கு அடியில், என் பெயர் ஒட்டிய முனை மட்டும் வெளியே தெரிந்தது. இழுக்கக் கையை நீட்டியவர், பெட்டியை ஒரு முறை லேசாக ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

"அங்கயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு பீரோவைப் பூட்டப் போனார்.